மெட்டுக்கட்டிப் படித்த வசனம்

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. பாட வரும். அதுவும் கண்ணை மூடிக்கொண்டால்தான் வரும். இப்படி ஒருவன் எப்படி நடிகனானான் என்று யாராவது கேட்டால், கண்ணை மூடியதால்தான் என்று சொல்வேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். நடந்ததே அதுதான்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, புறக்கோட்டையில் மூட்டை சுமக்கப் போனேன். அந்த வேலைக்காரர்களை இங்கே நாட்டாமி என்பார்கள். உருளைக்கிழங்கு மூட்டை முதுகில் குத்தும். சீனி மூட்டை குத்தாது, அசையாமல் அழுத்தும். முதுகில் மூட்டை இருக்கிறவனை யாரும் நிமிர்ந்து பார்த்துப் பேசச் சொல்வதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குச் சரியாக இருந்தது. மூட்டைக்குக் கீழே நடக்கும்போது வாய்க்குள் பாடிக்கொண்டு போவேன். தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் பாடுகிற பாட்டுத்தான். அதைப் பெரிய விஷயமாக அங்கே யாரும் நினைத்ததில்லை.

ஒரு வருடம் கொட்டாஞ்சேனையில் அம்மன் கோவில் திருவிழாவுக்கு வரவேண்டிய பாட்டுக்காரர் வரவில்லை. வழியில் எங்கோ ரயிலை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். மைக் சும்மா நின்றது. என்னோடு வேலை செய்தவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு போய் அதற்கு முன்னால் நிறுத்தினார்கள். சனம் இருக்கிறது என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். ஊரைவிட்டுப் போன அண்ணனை நினைத்துத் தங்கச்சி பாடுகிற பாட்டு ஒன்று வாயில் வந்தது.

மலைய மூடும் பனியும் கூட
மத்தியானம் வெளுத்துப் போகும்
எங்கண்ணன் போன பாதை
எந்த வேளை வெளுக்குமோ

கண்ணைத் திறந்தபோது முன்வரிசையில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அது யுத்தம் நடந்த காலம். கொழும்பில் தமிழ்ச் சனம் கூடுகிற எந்த இடத்திலும், போன பிள்ளையை நினைத்துக்கொண்டு நிற்கிற ஒருத்தியாவது இருப்பாள். பாட்டு எதைப் பற்றியது என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வானொலியில் நாட்டார் பாடல் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குக் குரல் எழும்பவில்லை. ஒலிப்பதிவு செய்கிறவர் நல்ல மனிதர். மைக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினேன்.

அதைக் கேட்டுவிட்டு வெள்ளவத்தையில் நாடகம் போடுகிற ஒரு யாழ்ப்பாணத்து ஐயா என்னைத் தேடி வந்தார். தன் நாடகத்தில் தெருவில் பாடுகிற ஒருவன் வருகிறான், நீ வா என்றார். ஒத்திகையில் என்னைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனார்.

“ஐசே, நீர் கண்ணைத் திறந்து பாட மாட்டீரோ?”

“வராதுங்க ஐயா.”

கொஞ்ச நேரம் நாடியைத் தடவினார். “அப்ப குருடனாவே வாரும். எனக்கும் நடிப்புச் சொல்லித் தாற வேலை மிச்சம்.”

அப்படித்தான் குருடனாக மேடையில் ஏறினேன். அடுத்த நாள் பத்திரிகையில் ஒருவர், பார்வையற்றவராக நடித்தவர் உண்மையாகவே பார்வையற்றவரோ என்று தோன்றியது என்று எழுதியிருந்தாராம். என்னோடு மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு மாதம் என்னைக் கையைப் பிடித்துத்தான் தெரு கடக்க வைத்தார்கள்.

என் மனைவியின் தம்பி அப்போது எங்களோடுதான் இருந்தான். அவர்களுடைய அம்மா அவன் சின்னவனாக இருந்தபோதே செத்துப்போனதால் அவனை வளர்த்தவள் இவள்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் தோட்டத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தான். நான் எப்படியோ அதற்கு நேர் எதிர் அவன். வாய் ஓயாது. சாரியைத் தன் தோளில் போட்டுக் காட்டி, “அக்கா, எனக்கே இவ்வளவு வடிவா இருந்தா ஒங்களுக்கு எப்புடி இருக்கும்” என்று யாழ்ப்பாணத்து அம்மாக்களைச் சிரிக்க வைத்து விற்றுவிடுவான். முதலாளிக்கு அவன் செல்லம். எனக்கும் அவன்தான் வாய். பொலிஸில் வீட்டு ஆட்களைப் பதிகிற நாளில் என்னைப் பின்னால் நிறுத்திவிட்டு அவனே எல்லாம் பேசுவான். வானொலி நிலையத்து வாசலில் காவல்காரனிடம் நான் யார் என்று சொல்வதும் அவன்தான். “இவருதான் பாடுறவரு. பாட்ட தவிர வேற ஒண்ணும் கேக்காதீங்க” என்பான்.

குருடனாக நடித்த நாடகத்தைப் பார்க்க ஒரு சிங்கள டைரக்டர் வந்திருந்தார். டெலி நாடகம் எடுப்பவர். தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றி எடுக்கப் போகிறேன், அப்பாவாக இந்த ஆள் வேண்டும் என்று ஐயாவிடம் கேட்டார். வசனம் சிங்களம். நான் முடியாது என்றேன். மச்சினன் விடவில்லை. முடியும் என்று அவனே டைரக்டரிடம் சொல்லிவிட்டான்.

நான் பேசுகிற சிங்களம் கடைத்தெருச் சிங்களம். தள்ளு, பிடி, இந்தப் பக்கம் இறக்கு, அதற்கு மேலே போகாது. அதில் மரியாதைக்கு இடம் இல்லை. பெரிய ஆட்களிடம் பேசுகிற சிங்களம் வேறு, அது எனக்குத் தெரியாது. படப்பிடிப்பில் உதவி டைரக்டராக ஒரு இளம் பெண் இருந்தாள். என்னை அய்யே, அண்ணன், என்று கூப்பிடுவாள். நான் அவளை நங்கி, தங்கச்சி, என்பேன். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்லித் தந்தாள். காலையில் படித்தது மத்தியானம் போய்விடும். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வெட்கம். கடைசியில் ஒரு யோசனை வந்தது. வசனத்தைத் தாலாட்டு மெட்டில் போட்டுப் பார்த்தேன். நின்றுவிட்டது. ஒரு வரியும் போகவில்லை.

பேசும்போது பாட்டாகப் பேசமாட்டேன். மெட்டை அடியில் வைத்துக்கொள்வேன். ஏற்றமும் இறக்கமும் மட்டும் வெளியே தெரியும். டைரக்டருக்கு அது பிடித்துப்போனது. அழுகிற மாதிரியும் இல்லை, பேசுகிற மாதிரியும் இல்லை, அப்படியே வை என்றார். இதில் ஒரு கஷ்டம் இருந்தது. நடுவில் விட்டால் நடுவிலிருந்து தொடங்க வராது, முதலிலிருந்துதான் வரவேண்டும். எதிரில் இருப்பவர் தன்னுடைய வரியைச் சொல்லிவிட்டால் என்னுடைய அடுத்த வரி கேட்காமலே வந்துவிடும். கும்மியில் ஒருத்தி எடுத்துக் கொடுத்தால் மற்றவர்களுக்கு வருகிற மாதிரி.

பொலிஸ் நிலையத்துக் காட்சியை இரத்மலானையில் ஒரு பழைய கிடங்கில் எடுத்தார்கள். பக்கத்தில் விமான நிலையம். வடக்குக்கு ஆமிக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் விமானம் எழும்பும்போதெல்லாம் எல்லாரும் பேசாமல் நிற்போம். சத்தம் போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். கதையில் என் மகனைப் பிடித்துவிடுகிறார்கள். நான் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்கிறேன். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மாத்தயா, நாங்கள் இந்த மலையில் தேயிலையைத் தவிர வேறு எதையும் நட்டதில்லை, என் மகனுடைய கைக்குக் கொழுந்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று சொல்வேன். நம்பாவிட்டால் என்னுடைய கையைப் பாருங்கள், அவனுக்கும் இந்தக் கைதான் என்பேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, “கையைக் காட்டு” என்பார். காட்டுவேன். அவர் நிறைய நேரம் பார்ப்பார். பிறகு, “உன் மகனைக் கூட்டிக்கொண்டு போ” என்பார். அவ்வளவுதான் காட்சி.

அது ஒளிபரப்பான பிறகு எங்கள் ஒழுங்கையில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனால் சிங்களக் கடைக்காரர், “கையைக் காட்டு” என்பார். நான் கையை நீட்டுவேன். “சரி, பாணைக் கூட்டிக்கொண்டு போ” என்பார். கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். புறக்கோட்டையில் கூட வேலை செய்கிறவர்கள், “அப்பா வாராரு, மூட்டைய மெதுவா ஏத்துங்கடா, கைக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாது” என்பார்கள். சோதனைச் சாவடியில் நிற்கிற ஆமிப் பையன்கள்கூட என்னைக் கண்டால் முகம் மலர்வார்கள். அவர்களும் கையைக் காட்டச் சொல்வார்கள். காட்டிவிட்டு, அடையாள அட்டையை எடுக்காமலே போய்விடலாம். பக்கத்தில் வருகிறவனையும் விட்டுவிடுவார்கள். அதனால் மச்சினன் என்னோடு சேர்ந்துதான் வெளியே போவான். இவளுக்கும் அதில் ஒரு நிம்மதி. “ஒங்க மூஞ்சி இருக்கிற வரைக்கும் எந் தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுங்க” என்பாள்.

நகரத்தில் ஓரிடத்தில் குண்டு வெடித்தது. அடுத்த நாள் வெள்ளவத்தை வழியாகப் போகிற காலி வீதி நெடுக ஆட்களை நிறுத்திச் சோதித்தார்கள். மச்சினன் மத்தியானச் சாப்பாட்டுக்காகக் கடையை விட்டு வெளியே வந்திருக்கிறான். நான் பக்கத்தில் இல்லை. அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம், பொலிஸ் பதிவு கொட்டாஞ்சேனையில், வேலை வெள்ளவத்தையில். ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை இடம் என்று கேட்டார்களாம். அவன் வழக்கம்போல ஏதோ வேடிக்கையாகச் சொன்னானாம், அப்படியே பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். கடையில் அவனோடு வேலை செய்கிறவன் வந்து இதையெல்லாம் சொன்னபோது இவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சட்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்க போய்ப் பேசுங்க.”

நான் அரிசிச் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“ஒங்கள டீவியில பாக்காத பொலிஸ்காரன் இருக்கானா? நீங்க போய் நின்னாலே போதும். நாடகத்துல கேட்டீங்கல்ல, அது மாதிரி கேளுங்க.”

அவள் சொன்னது எனக்கும் சரி என்றே பட்டது. இதை நான் ஒளிக்க விரும்பவில்லை. எனக்குத் தெரிந்த மரியாதையான சிங்களம் அந்த நாடகத்தில் உள்ளது மட்டும்தான். கடைத்தெருச் சிங்களத்தில் ஒரு அதிகாரியிடம் வாயைத் திறந்தால் அவமதிக்கிறேன் என்று நினைப்பார். அந்த வசனத்தை எழுதியவர் படித்த மனிதர். பொலிஸ்காரன் மனம் இளகவேண்டும் என்றுதானே எழுதியிருப்பார். இதைவிட நல்ல வார்த்தையை நான் எங்கே போய்த் தேடுவது?

நாடகத்தில் போட்ட வெள்ளைச் சட்டையையும் சாரத்தையும் படப்பிடிப்பு முடிந்தபோது எனக்கே தந்திருந்தார்கள். இவள் அதை எடுத்துத் துவைத்து, சுருக்கம் இல்லாமல் தேய்த்து வைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு போனால் உடனே அடையாளம் தெரியும் என்றாள். காலையில் போட்டுக்கொண்டேன். காலரை அவளே சரிசெய்துவிட்டாள்.

பஸ்ஸில் போகும்போது வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மகன் என்று வருகிற இடத்தில் மனைவியின் தம்பி என்று மாற்றவேண்டும். சிங்களத்தில் அதைச் சொல்லிப் பார்த்தேன். மெட்டில் அடங்கவில்லை. மகனுக்கு இருந்த இடம் சின்ன இடம், அதில் மனைவியின் தம்பியை வைக்க முடியவில்லை. வைத்தால் அடுத்த வரி வராமல் நின்றது. கொள்ளுப்பிட்டி தாண்டினேன், பம்பலப்பிட்டி தாண்டினேன், வரவில்லை. மகன் என்றே இருக்கட்டும், முதலில் அவர் கேட்கட்டும், பிறகு விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கொழுந்து என்பதையும் மாற்றவில்லை. துணி என்று மாற்றினால் அதற்கு மேல் போகாது.

அவனை வைத்திருந்த பொலிஸ் நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. இரத்மலானையில் போட்டிருந்த செட் இதைவிடப் பெரியது, வெளிச்சமாகவும் இருந்தது. இங்கே உட்காருகிற வாங்கு நிறையத் தமிழ்ச் சனம், பெரும்பாலும் அம்மாக்கள். மடியில் சாப்பாட்டுப் பார்சல். என்னைக் கண்டதும் ஒரு கான்ஸ்டபிள் எழும்பினான். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். வரிசையில் நிற்கவேண்டாம் என்று நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வாங்கில் இருந்த அம்மாக்கள் என்னைப் பார்த்தார்கள். இந்த ஆளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற பார்வை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

உள்ளே இருந்த அதிகாரி என்னைவிட வயதில் இளையவர். முகத்தைப் பார்த்ததும் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பிவிட்டார். தன் மனைவி அந்த நாடகத்தை ஒரு வாரமும் விடுவதில்லை என்றார். தன் அம்மா அந்தக் காட்சியில் அழுதார் என்றார். தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். பால் தேத்தண்ணி, தட்டில் இரண்டு பிஸ்கட். என்னால் குடிக்க முடியவில்லை. கதவடியில் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

என்ன விஷயமாக வந்தீர்கள் என்று அவர் கேட்டார்.

நான் எழும்பி நின்றேன். கண்ணை மூடவேண்டும்போல இருந்தது, மூடவில்லை. அவருடைய மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டு தொடங்கினேன். மாத்தயா, நாங்கள் இந்த மலையில் தேயிலையைத் தவிர வேறு எதையும் நட்டதில்லை.

யாரோ பின்னால் மெதுவாகச் சிரித்தார்கள். சந்தோஷத்தில் வருகிற சிரிப்பு. அதிகாரி கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, கேட்கத் தயாரானவர் மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டார். நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் வரவேண்டும். அவனுக்காக நான் மனதில் நினைத்ததெல்லாம் அந்த வார்த்தைகளுக்குள்தான் இருந்தது. வேறு வார்த்தை என்னிடம் இல்லை. என் மகனுடைய கைக்குக் கொழுந்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்றேன். எனக்குக் கண்ணீர் வந்தது. படப்பிடிப்பில் அந்த இடத்தில் வராததால் கண்ணுக்கு மருந்து போட்டார்கள். இங்கே தானாக வந்தது. கதவடியில் நின்ற ஒரு பெண் பொலிஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

நான் முடித்ததும் அதிகாரி முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்தி, நாடகத்தில் வரும் இன்ஸ்பெக்டரைப் போலவே சொன்னார்.

“கையைக் காட்டு.”

கை தானாக நீண்டுவிட்டது. பாண் கடையிலும் சாவடியிலும் நீட்டி நீட்டிப் பழகிய கை. அவர் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். மூட்டை தூக்கிக் காய்த்த கைதான், அது நடிப்பு இல்லை. அவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

“உன் மகனைக் கூட்டிக்கொண்டு போ” என்றார்.

அந்த ஒரு கணம் நான் நம்பிவிட்டேன். இதைப் படிக்கிறவர்களுக்கு என்மேல் சிரிப்பு வரலாம். ஆனால் அவர் பொலிஸ் அதிகாரி, அது பொலிஸ் நிலையம், மச்சினன் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான். கூட்டிக்கொண்டு போ என்று அவருடைய வாயாலேயே சொன்னார். நான் கதவுப் பக்கம் திரும்பினேன், யாராவது அவனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று. எல்லாரும் கை தட்டினார்கள்.

அதிகாரியும் தட்டினார். என் தோளில் கை வைத்து, உங்களை நேரில் பார்த்தது எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம் என்றார். எப்படியோ கடைத்தெருச் சிங்களத்தில் நான் விஷயத்தைச் சொன்னேன். விளையாட்டு இல்லை, மனைவியின் தம்பி, உள்ளே இருக்கிறான் என்று. அவருடைய முகம் மாறியது. கோபப்படவில்லை. ஒரு காகிதத்தைப் பார்த்தார். மகன் என்றீர்களே என்று கேட்டார். தேயிலைத் தோட்டம் என்றீர்கள், இவன் துணிக்கடையில் அல்லவா வேலை செய்கிறான் என்றும் கேட்டார். மெட்டில் அடங்கவில்லை என்று ஒரு பொலிஸ்காரரிடம் எப்படிச் சொல்வது?

இது என்னுடைய கையில் இல்லை, மேலிடத்து விஷயம், நீங்கள் நல்ல கலைஞர், கவலைப்படாமல் போங்கள் என்றார். நான் குடிக்காத தேத்தண்ணியைப் பார்த்து, அதையாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்தேன். ஆறிப்போயிருந்தது. வெளியே வரும்போது வாங்கில் இருந்த ஒரு அம்மா என் சட்டையைப் பிடித்தார். “தம்பி, உங்களுக்குக் கை தட்டினவங்கள். எங்கட பிள்ளைக்காகவும் ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ?” என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

வீட்டில் இவள் வாசலிலேயே நின்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“தேத்தண்ணி குடுத்தாங்க.”

“தேத்தண்ணியா? அப்ப விட்டுருவாங்க” என்றாள். அவனுக்குப் பிடித்த மாசிச் சம்பல் இடிக்கப் போய்விட்டாள். உரல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அந்தச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

அவன் வரவில்லை. நங்கி விஷயம் கேள்விப்பட்டு என்னோடு வந்தாள். நல்ல சிங்களத்தில், நிமிர்ந்து நின்று பேசினாள். அதற்குள் அவனைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். பஸ் தரிப்பில் நிற்கும்போது அவள், அய்யே, முதல் நாளே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்றாள். கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேசவேண்டியதைத்தான் அவள் எனக்கு ஏற்கெனவே சொல்லித் தந்திருந்தாளே என்று நினைத்துவிட்டேன். அன்று நடந்ததோடு இதையும் சொன்னதும் அவள் வந்த பஸ்ஸை மறித்து என்னை முதலில் ஏற்றினாள். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். அவருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. வழக்கே போடாத ஆளுக்காக நான் எந்த நீதிமன்றத்தில் பேசுவது என்று கேட்டார்.

நங்கி மூலமாகத்தான் இவளுக்கு நடந்தது தெரியவந்தது. இவள் அந்தச் சட்டையை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

முகாமில் பார்ப்பதற்குச் சொந்த இரத்தத்துக்கு மட்டும்தான் அனுமதி. இவள் உள்ளே போவாள், நான் வாசலில் நிற்பேன். அங்கேயும் காவலுக்கு நின்றவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். வெயிலில் நிற்கவேண்டாம் என்று தன்னுடைய கதிரையை எடுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கதிரை வந்தது. இவள் உள்ளேயிருந்து வரும்போது முகத்தைப் பார்த்தால் போதும், கேட்கவேண்டியதில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று அழுவதற்கே நேரம் போதாது என்பாள்.

டைரக்டர் அடுத்த நாடகத்துக்கும் என்னைக் கேட்டார். பேச்சுள்ள வேடம் வேண்டாம் என்றேன். பேச்சில்லாத வேடங்கள் எனக்கு நிறையக் கிடைத்தன. பஸ்ஸில் பக்கத்து ஆசனத்து ஆள், பாடை தூக்குகிறவன், அகதி வரிசையில் தலை குனிந்து நிற்கிறவன். அதில் என்னை வெல்ல ஆள் இல்லை என்றார்கள். வானொலியில் பாடுவதையும் விடவில்லை. தாலாட்டு மட்டும் பாடுவதில்லை. அந்த மெட்டை எடுத்தால் முதலில் அந்தச் சிங்களம்தான் வருகிறது. பாட்டின் சொல் அதற்குப் பின்னால் நிற்கிறது.

நீண்ட நாளைக்குப் பிறகு அவனை விட்டார்கள். யாருடைய முயற்சியாலும் இல்லை. ஒரு நாள் ஒரு கூட்டத்தை விட்டார்கள், அதில் அவனும் இருந்தான். ஏன் பிடித்தோம் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டோம் என்றும் சொல்லவில்லை. ஒரு முற்பகலில் தானாகவே பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றான். ஆள் பாதியாகிப் போயிருந்தான். இவள் அவனைக் குளிக்க வைத்தாள். அவனுடைய பழைய உடுப்பெல்லாம் பெரிதாகிவிட்டதா, பூச்சி அரித்துவிட்டதா தெரியவில்லை, டிரங்குப் பெட்டியை அடிவரைக்கும் கிளறிக் கையில் வந்ததைக் கொடுத்தாள். அவன் தலை துவட்டிக்கொண்டு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அது எந்தச் சட்டை என்று நான் பார்த்தேன். அவளும் அப்போதுதான் பார்த்திருக்கவேண்டும்.

அவனுக்கும் தெரிந்துவிட்டது. கையை விரித்துப் பார்த்துச் சிரித்தான்.

“இது அந்த நாடகத்துச் சட்டைதானே மச்சான்? உள்ள இருக்கயில மறுபடியும் போட்டாங்க. எங்களுக்கும் ஒரு டீவி இருந்துச்சி. அத்தன பேரும் உக்காந்து பாத்தோம். காவலுக்கு நிக்கிறவனும் வந்து பாப்பான். அதுக்குப் பெறகு ஒருத்தன் என்னய விடல. எங்கடா ஒன் மச்சான், கையைக் காட்டி ஒன்னய எப்ப கூட்டிட்டுப் போகப் போறாருன்னு கேட்டுக்கிட்டே இருப்பானுங்க. நானும் வருவாரு, வருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

பழைய மாதிரி வேடிக்கையாகத்தான் சொன்னான். என்மேல் குறை எதுவும் அவனுக்கு இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். சட்டைக் கை தொங்கிக் குழம்பில் படுகிற மாதிரி இருந்தது.

“வந்தேன்” என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“ஒன்னயத் தேடி வந்தேன். இதே சட்டையப் போட்டுக்கிட்டு வந்தேன்.”

அவனுடைய முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒருவனுடைய முகத்தைப் பார்த்து நான் சொன்ன பேச்சு அவ்வளவு அதிகம் இல்லை. அவனுடைய கண்கள் சுருங்கின, வாயில் சோற்றோடு சிரித்துவிட்டான்.

“அப்புடியே நாடகத்துல பேசுன மாதிரியே இருக்கு மச்சான். அதே இழுவ. இன்னொரு தரம் சொல்லுங்க” என்றான்.

இவள் சிரிக்கவில்லை. அவனுடைய சட்டைக் கையை இரண்டு மடிப்பாக மேலே மடித்துவிட்டு, குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.